நான்கு மாதம்தான் ஆகிறது: சைடு ஸ்பின் இப்போதே பழகலாமா?

பெட்போர்டு மாடி எழுதியது:

வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன். மேசை மேல் பந்துகளைக் கோலால் அடித்துப் பாக்கெட்டில் போடும் பூல் ஆட்டத்தை ஆடத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. வேலை முடிந்து கடைசி பஸ்ஸுக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் எனக்குப் பயிற்சி. பெட்போர்டு பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியில் எட்டு அடி மேசைகள் இரண்டு இருக்கின்றன. சொந்தக் கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், கிடையாது. சுவரோரம் சாத்தியிருப்பவற்றில் வளையாத ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்வேன். பெரும்பாலான நாட்களில் அங்கே ஆடும் பெண் நான் ஒருத்திதான். நான் குனிந்து கியூவை நீட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் யோசனை சொல்கிறார். அந்த யோசனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை.

போன வெள்ளிக்கிழமை நைன் பால் ஆடினோம். சிறிய எண்ணிலிருந்து வரிசையாக அடித்து, ஒன்பதாம் பந்தைப் போட்டவர் வெல்லும் ஆட்டம் அது. மேசையில் எட்டும் ஒன்பதும் மட்டுமே மிச்சம். எட்டை இடது பக்கம் லேசாக வெட்டி, அதாவது ஓரத்தில் அடித்துத் திருப்பி, மேல் இடது மூலைக்கு அனுப்ப வேண்டும். ஒன்பது கீழ்ப் பாதியில், வலது மூலைக்கு அருகில், யாரும் போடக்கூடிய இடத்தில் நிற்கிறது. "வலது சைடு கொடு, அப்போதுதான் வெள்ளை கீழே வரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். (கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தை நடுவில் தொடாமல் ஒரு பக்கமாகத் தொட்டுச் சுழல வைப்பதுதான் சைடு.) கொடுத்தேன், வேகமாகவும் அடித்தேன். வெள்ளை அழகாகத் திரும்பி, நான் நினைத்த இடத்துக்கே வந்தது. ஆனால் எட்டு, பாக்கெட்டின் வலது ஓரத்தில் மோதி வெளியே நின்றுவிட்டது. எதிரில் ஆடியவர் இரண்டையும் போட்டு முடித்தார்.

அன்றிரவு வீட்டில் தூக்கம் வரவில்லை. சைடு இல்லாமல் அடித்திருந்தால் எட்டு நிச்சயம் விழுந்திருக்கும். அது எனக்குப் பழகிய அடி.

ஆரம்பத்திலேயே சைடு பழகாவிட்டால் பிறகு கை வராது என்கிறார்கள் சிலர். ஒரு வருடம் அதைத் தொடவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். எதைக் கேட்பது? இன்னொன்றும் உண்டு. நான் சைடு கொடுக்க நினைக்காத அடிகளில்கூடச் சில நேரம் வெள்ளை குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) பட்டு, சைடு வாங்கியது போலக் கோணல் மாணலாகத் திரும்புகிறது. இது மேசையின் குறையா?

ஃபெர்ன்ஹில் ஸ்னூக்கர் எழுதியது:

கட்டாயம் பழகுங்கள், இன்றே பழகுங்கள். நான் ஸ்னூக்கர்காரன், ஆனாலும் இதில் இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே நியாயம்தான். பந்தைப் பாக்கெட்டில் போடுவது பாதி ஆட்டம். அடுத்த பந்துக்கு வெள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது மீதிப் பாதி. அந்தப் பாதியைச் சைடு இல்லாமல் ஆடுவது ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆடுவதற்குச் சமம்.

நாம் இருக்கும் மலையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஸ்னூக்கர் விளையாட்டுக்கு 1882இல் இங்கே ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. சைடு அதற்கும் முன்பே ஆட்டத்தில் இருந்தது. கியூவின் நுனிக்குத் தோல் ஒட்டி, அது வழுக்காமலிருக்கச் சாக் கட்டி தேய்த்த நாளிலிருந்தே இருக்கிறது. ஆட்டத்தோடு பிறந்து வளர்ந்த ஒன்றை ஆபத்தான பொருளைப் போலப் பூட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எட்டு விழாமல் போனதற்காகப் பயந்து ஒதுங்கிவிடாதீர்கள்.

கோத்தகிரி டீ மேக்கர் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விக்கு விடை உங்கள் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. சைடு பழகலாமா என்று கேட்கிறீர்கள். நான்கு மாதமாகச் சைடு அடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது மட்டும் உங்களுக்குத் தெரியவில்லை. மேசையைக் குறை சொல்வதற்கு முன் அதைக் கண்டுபிடியுங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக, அதாவது இலை தேயிலையாகும் வேலையைக் கவனிப்பவனாக, 31 வருடம் வேலை பார்த்தேன். எங்கள் ஊழியர் மன்றத்தில் ஒரு பழைய எட்டு அடி பூல் மேசை இருக்கிறது. கடந்த 11 வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) பிள்ளைகளுக்கும் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் ஆட்டம் சொல்லித் தருகிறேன். பெரிய ஆட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் புதிதாகக் கியூ பிடிப்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நூறு தடவைக்கு மேல் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் கேரம் ஆடி வளர்ந்தவர்கள். கோணம் பார்ப்பதில் அவர்களுக்கு ஈடு கிடையாது. ஆனால் கேரமில் கண் முழுவதும் காயின் மேல் இருக்கும். விரல் ஸ்ட்ரைக்கரைத் தொடும் இடத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதே கண்ணோடு பூல் மேசைக்கு வருகிறார்கள். போட வேண்டிய பந்தையே பார்த்துக்கொண்டு, கியூவின் நுனி வெள்ளையை எங்கே தொடுகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

நாளை மாலை ஒன்று செய்யுங்கள். வெள்ளையை உங்கள் சுடிதார் துப்பட்டாவிலோ கைக்குட்டையிலோ பளிச்சென்று துடைத்து வையுங்கள். நுனியில் நன்றாகச் சாக் தேய்த்து, நேர் நடுவில் மெதுவாக ஓர் அடி. பந்தை ஓடவிடாமல் உடனே இடது கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு சின்ன நீலப் பொட்டு இருக்கும், மிளகு அளவுக்கு. அதன் ஓரங்களில் தூள் சிதறி, அதிகாலையில் புல் நுனியில் பூக்கும் உறைபனியைப் போல மெல்லிய படலமாகத் தெரியும். அந்தப் பொட்டு நடுவில் இருக்கிறதா, ஒதுங்கி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தூக்கம் வராமல் யோசிப்பதைவிட அந்த மிளகளவு பொட்டு உங்களுக்கு அதிகம் சொல்லும்.

அடுத்து, பட்டை போட்ட பந்துகளில் ஒன்றை, 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளைக்குப் பதிலாக வையுங்கள். பட்டை நிமிர்ந்து, நீங்கள் அடிக்கப்போகும் கோட்டோடு ஒன்றாக இருக்கட்டும். நடுவில் பட்டால் பட்டை சைக்கிள் சக்கரம் போல நிமிர்ந்தபடியே உருண்டு போகும். பக்கத்தில் பட்டால் ஓயப்போகும் பம்பரம் போலத் தள்ளாடும். அதே பந்தை மேசையின் நடுக்கோட்டில் நேராக மேல் குஷனுக்கு அடியுங்கள். திரும்பி வந்து உங்கள் கியூ நுனியையே தொட வேண்டும். வலது பக்கம் ஒதுங்கி வந்தால் நீங்கள் வலது பக்கத்தில் தொட்டிருக்கிறீர்கள். இருபது தடவை அடித்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரே பக்கமாக ஒதுங்கினால் கையில் குறை. இரண்டு பக்கமும் மாறி மாறி ஒதுங்கினால் கியூ இன்னும் கையில் நிலைக்கவில்லை என்று பொருள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பூல் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 57 மி.மீ. நடுவிலிருந்து ஆரத்தில் பாதி, அதாவது 14 மி.மீ. தாண்டினால் சாக் எவ்வளவு தேய்த்தாலும் நுனி வழுக்கிவிடும். ஆக, நடுவிலிருந்து முழுச் சைடு வரைக்கும் உங்களுக்கு இருக்கும் இடம் ஒரு விரல் அகலம்தான். நுனி நான்கு மி.மீ. தள்ளிப் பட்டாலும் சைடில் கால் பங்குக்கு மேல் கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கையோடு "கொஞ்சம் வலது சைடு" என்று நினைத்து அடித்தால் உண்மையில் எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அந்த எட்டுக்கு வருகிறேன். வெள்ளையை வலது பக்கத்தில் அடித்தால் அது முதலில் குறிக்கோட்டை விட்டு இடது பக்கம் சற்று விலகிப் போகும். இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் உண்மை. கியூ சற்றே தூக்கியிருந்தால், பிறகு துணியின் பிடிப்பால் மெல்ல வலது பக்கம் வளையவும் செய்யும். வேகமாக அடிக்கும்போது வளைய நேரம் கிடைப்பதில்லை, விலகல் மட்டும்தான் மிஞ்சும். ஒரே ஒரு பாகை விலகினாலும் ஒரு மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 17 மி.மீ. ஆகிவிடும். பந்தின் கால் பங்குக்கு மேல்! இடது பக்கம் விலகிய வெள்ளை, எட்டை நீங்கள் குறிவைத்ததைவிடத் தடிமனாக, அதாவது நடுவுக்கு நெருக்கமாக, தொட்டது. எட்டு போதிய அளவு இடது பக்கம் திரும்பாமல் பாக்கெட்டின் வலது ஓரத்தில் மோதியது. நீங்கள் எழுதியதை அப்படியே எங்கள் மேசையில் வைத்து அடித்துப் பார்த்தேன். உங்கள் குறி சரியாக இருந்திருக்கிறது. சைடுக்காகக் குறியை மாற்ற வேண்டும் என்று பின்னாலிருந்து பேசியவர் உங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த நிலையில் சைடு தேவையே இல்லை. வெள்ளையின் மேல் பாதியில், நேர் நடுக்கோட்டில் நல்ல வேகத்தோடு அடித்தேன். எட்டைப் போட்டுவிட்டு மேல் குஷனில் பட்டுத் தானாகவே இறங்கி வந்தது. பத்தில் எட்டு முறை ஒன்பதுக்கு எளிதான இடம் கிடைத்தது.

நடுக்கோட்டிலேயே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் வியப்பீர்கள். வெள்ளை சுழலாமல் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று செங்கோணமாகப் பிரியும். இயல்பாக உருண்டு போய்த் தொட்டால், மிகத் தடிமனாகவோ மிக மெலிதாகவோ படாதவரை வெள்ளை தன் பழைய பாதையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை திரும்பிப் போகும். சுட்டுவிரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்துப் பிடித்தால் கிட்டத்தட்ட அந்த அளவுதான். எங்கள் பிள்ளைகள் அடிப்பதற்கு முன் மேசை மேல் இரண்டு விரலை விரித்து வைத்துப் பார்ப்பார்கள். கீழே அடித்தால் பின்னுக்கு இழுக்கும். இந்த மூன்றோடு வேகத்தையும் சேர்த்துக்கொண்டால் சாதாரண ஆட்டத்தில் முக்கால்வாசி நிலைகளுக்குப் போதும். ஒரு பிள்ளை இந்த மூன்றையும் கேட்டபோதெல்லாம் அடித்துக் காட்டும்வரை ஆட்டத்தில் சைடு அடிக்க நான் அனுமதிப்பதில்லை.

நம் மலைக்கென்றே ஒரு காரணமும் இருக்கிறது. தொழிற்சாலையில் பறித்த இலையை வாட வைக்கும் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளி இறுக்கிப் பார்ப்போம். கையைத் திறந்ததும் இலை உதிராமல் உருண்டையாக நிற்க வேண்டும், காம்பை மடித்தால் ஒடியக் கூடாது. ஈரத்தைக் கையால் அறியும் பழக்கம் அப்படி வந்தது. இப்போது பூல் மேசைக்குப் போனாலும் புறங்கையைத் துணி மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கியூ எடுப்பேன். கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும் மூடுபனியுமாக இருக்கும்போது மேசைத் துணி ஈரத்தைக் குடித்துக் கனத்துப் போகும். பந்து மெதுவாகும், சைடு கொடுத்த வெள்ளை சீக்கிரமே வளையும், குஷனிலிருந்து திரும்பும் கோணம் சுருங்கும். மாசி மாத வெயிலில் அதே மேசை வேறு மேசை. பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் மேசைக்கு அடியில் சூடேற்றி வைப்பது இதற்காகத்தான். பெட்போர்டு மாடியில் உங்களுக்கு யார் சூடேற்றி வைப்பார்கள்? போதாததற்கு, தினமும் வேறு வேறு கியூ எடுக்கிறீர்கள். கியூவுக்குக் கியூ, அதன் முன்பகுதியின் எடையைப் பொறுத்து, விலகலின் அளவு மாறும். செவ்வாய்க்கிழமை ஒரு கியூவில் பழகிய சைடுக் கணக்கு வெள்ளிக்கிழமை வேறொரு கியூவில் பொய்யாகிவிடும். நடுவில் அடித்தால் எந்தக் கியூவும் வெள்ளையைப் பக்கவாட்டில் தள்ளாது.

கைக்குட்டையும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு போய் வந்து எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

குன்னூர் ஷெட் எழுதியது:

டீ மேக்கர் அண்ணன் சொன்னதோடு ஒரு சின்னத் துணுக்கு. நான் ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பந்தும் பந்தும் தொடும் இடத்தில் உரசல் உண்டு. அந்த உரசல் போட வேண்டிய பந்தைக் கொஞ்சம் இழுத்துவிடும். இடது பக்கம் வெட்டும்போது அது பந்தை வலது பக்கம் இழுக்கும், அதாவது வெட்டு குறைந்துவிடும். மெதுவாக அடிக்கும்போதும், பந்துகள் அழுக்காக இருக்கும்போதும் இழுப்பு அதிகம். அந்தப் பெண்ணின் மாடியில் பந்துகளைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இதில் சைடின் வேலையைப் புரிந்துகொள்ள நம் மலை ரயிலைப் பார்த்தால் போதும். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரண்டு பட்டைகள் ஓடுகின்றன. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. பல் கவ்வியிருக்கும்போது அங்கே வழுக்கல் கிடையாது. அதுபோல, இடது பக்கம் வெட்டும்போது வெள்ளைக்கு அளவான வலது சைடு இருந்தால் இரண்டு பந்துகளின் பரப்பும் உரசாமல் பல்சக்கரம் போல உருண்டு விலகும். இழுப்பு இருக்காது. சைடு அளவுக்கு மிஞ்சினால் இழுப்பு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்த "அளவு" கைக்கு வர எனக்கு ஆறு வருடம் ஆனது.

ஃபெர்ன்ஹில் ஸ்னூக்கர் எழுதியது:

டீ மேக்கர் ஐயா, உங்கள் நீலப் பொட்டு சோதனையை நேற்று நானே செய்து பார்த்தேன். என் பொட்டு இரண்டு மி.மீ. இடது பக்கம் இருந்தது. இருபது வருடமாக ஆடுகிறேன், இதுவரை பார்த்ததில்லை. அதற்கு நன்றி.

ஆனாலும் உங்களோடு ஓர் இடத்தில் உடன்பட முடியவில்லை. அனுமதிப்பதில்லை என்கிறீர்கள். பிள்ளைகளிடம் இது எனக்குக் கடுமையாகத் தெரிகிறது. எனக்கு 14 வயதில் இந்த ஆட்டத்தின் மேல் ஆசை வந்ததே சைடால்தான். ஒரு பெரியவர் அடித்த வெள்ளை குஷனைத் தொட்டதும் உயிர் வந்தது போல வேறு திசையில் ஓடியது. அதைப் பார்த்துத்தான் நான் கியூவைக் கையில் எடுத்தேன். முதல் நாளே என்னிடம் செங்கோணம், 30 பாகை என்று தொடங்கியிருந்தால் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். 1882இல் இங்கே ஆடிய அதிகாரிகளும் சைடைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்னூக்கர் பழகவில்லை.

கோத்தகிரி டீ மேக்கர் எழுதியது:

தம்பி, அந்த அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் ஆடிக் கை பழகி, அதன் பிறகு ஸ்னூக்கருக்கு வந்தவர்கள். பில்லியர்ட்ஸில் சைடு அன்றாடச் சோறு. அவர்களைப் பார்த்து நான்கு மாதக் கைக்கு வழி சொல்ல முடியாது.

ஆசை பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் அப்படியே ஏற்கிறேன். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் முதல் வருடங்களில் நான் மிகவும் கடுமையாக இருந்தேன். கெட்டிக்காரப் பையன் ஒருவன் வந்தான். கண்ணும் கையும் அப்படி ஒத்துழைக்கும். மூன்றாவது ஞாயிறு அவன் ரகசியமாகச் சைடு அடிப்பதைப் பார்த்துக் கண்டித்தேன். நான்காவது ஞாயிறு அவன் வரவில்லை. பிறகு ஒரு நாளும் வரவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். முதல் நாளே சைடு காட்டுகிறேன், ஆனால் மேசையில் வேறு பந்து இருக்காது. வெள்ளை மட்டும். நேராகக் குஷனுக்கு அடித்து, வலது சைடுக்கு வலது பக்கமும் இடது சைடுக்கு இடது பக்கமும் திரும்பி வருவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். குஷனில் எந்த வைரக் குறியை (மேசை விளிம்பில் பதித்த அடையாளப் புள்ளியை) தொடுகிறது என்று பந்தயம் கட்டி ஆடுவார்கள். கடலை மிட்டாய்தான் பந்தயம். கத்திக் கூச்சல் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஆடுவார்கள். அங்கே குறி தவறினால் இழப்பு ஒன்றும் இல்லை. கைக்கும் அளவு பழகும். பாக்கெட்டில் போட ஒரு பந்து மேசைக்கு வந்துவிட்டால் மட்டும் நடுக்கோடு.

நடுக்கோடு நிலைத்த பிறகு நான் முதலில் தரும் சைடு எது தெரியுமா? பாக்கெட்டின் வாயிலேயே நிற்கும் பந்து, அருகிலேயே வெள்ளை, மெதுவான அடி, கால் பங்கு சைடு. விலகல் இருந்தாலும் தூரம் குறைவு என்பதால் பந்து விழுந்துவிடும், வெள்ளை குஷனில் திரும்புவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மேசையின் நீளத்துக்கு அடிக்கும் அடியில் சைடு என்பது இரண்டாவது வருடத்துப் பாடம். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பெட்போர்டு மாடி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து வேலை தலைகீழாகிவிட்டது.

டீ மேக்கர் ஐயா, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் இருபது அடியில் 13 வலது பக்கம் ஒதுங்கி வந்தன, நான்கு இடது பக்கம், மூன்று மட்டும் நுனிக்குத் திரும்பின. நீலப் பொட்டு நடுவிலிருந்து என் சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலத்துக்கு வலது பக்கம் இருந்தது. அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை நான் "கொஞ்சம் வலது" என்று நினைத்தது ஏற்கெனவே இருந்த வலதோடு சேர்ந்து போயிருக்கிறது. அதைப் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. நான்கு மாதமாக நானும் மற்றவர்களும் என் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். என் தோழி பக்கத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்தாள். கியூவை முன்னே செலுத்தும் கடைசி நொடியில் பின் கையை இறுக்கிப் பிடிக்கிறேன், மணிக்கட்டு உள்ளே திரும்புகிறது. பிடியைத் தளர்த்தினால் நுனி நேராகப் போகிறது. கியூ கையிலிருந்து நழுவிவிடுமோ என்று முதல் வாரம் பயமாக இருந்தது, நழுவவில்லை. நேற்று இருபதில் 12 நுனிக்கே திரும்பின.

ஷெட் அண்ணா சொன்னபடி பந்துகளைப் பற்றியும் கேட்டேன். யாருக்கும் நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நானும் தோழியும் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பதினாறு பந்துகளையும் கழுவித் துடைத்து வைத்தோம். தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு மாறிவிட்டது.

ஃபெர்ன்ஹில் அண்ணா, உங்களையும் மறக்கவில்லை. கடைசிப் பத்து நிமிடம் மேசையில் வெள்ளையை மட்டும் வைத்து, மிட்டாய் பந்தயம் கட்டிச் சைடு அடிக்கிறோம். பின்னாலிருந்து யோசனை சொல்பவர்களும் இப்போது அந்தப் பந்தயத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு சந்தேகம். வரும் வியாழக்கிழமை எங்கள் மேசைக்குப் புதுத் துணி போடுகிறார்களாம். பழைய துணியில் எந்த வைரக் குறிக்கு அடித்தால் எங்கே திரும்புகிறது என்று அரைத் தாள் நிறையக் குறித்து வைத்திருக்கிறேன். புதுத் துணியில் பந்து அதிகம் வழுக்கும், கோணம் அகலும் என்கிறார் மேசைக்காரர். அந்தத் தாளை வைத்துக்கொள்ளவா, புதன்கிழமையோடு கிழித்துவிடவா?